முகவரியில் விழுந்த பெயர்

அக்காவின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதாமல் விட்டதற்காக அவள் சந்தோஷப்படத்தான் செய்வாள், இப்போது எங்கேயாவது ஓர் ஊரில் அவள் நல்லபடியாக உட்கார்ந்திருந்தால்.

ஜவ்வாது மலையில் பெயர் இல்லாமல் இருப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. புது ஆள் யாராவது வந்தால் நாங்கள் பெயர் கேட்பதில்லை. "எந்த நாடு?" என்றுதான் கேட்போம். மலையிலிருக்கும் ஊர்களெல்லாம் நாடு நாடாகப் பிரிந்து கிடப்பதால் அதுதான் முதல் கேள்வி. அப்புறம் எந்த ஊர், யார் வூட்டு ஆள் என்று கேட்டு முடிப்பதற்குள் அவர் எனக்கு மாமன் முறையா அண்ணன் முறையா என்பது தெரிந்துவிடும். அதற்குமேல் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அக்கா கீழேயிருந்து வந்தவள். அவளுக்கு நாடும் கிடையாது, முறையும் கிடையாது. கம்ப்யூட்டர் வேலைக்கு வந்ததால் கம்ப்யூட்டர் அக்கா ஆனாள். வயதானவர்கள் அக்காவையும் விட்டுவிட்டு, "இன்னா, கம்ப்யூட்டரு சாப்ட்டுச்சா?" என்பார்கள். அதைக் கேட்டால் மட்டும் வாய்விட்டுச் சிரிப்பாள்.

எங்கள் சங்கம் மலைக்காரர்களிடமிருந்து சாமை, தினை, தேன், புளி, கடுக்காய் எல்லாம் வாங்கி விற்கும். முன்னறையில் கடை, அதன் மூலையில் கம்ப்யூட்டர், பின்னால் கிடங்கு. நான் கடையையும் பார்சலையும் பார்த்துக்கொண்டேன். அக்கா வெப்சைட்டைப் பார்த்துக்கொண்டாள். மேனேஜர் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டார், அதாவது அப்படி நினைத்துக்கொண்டார்.

அவளைப் பற்றி ஒரே சொல்லில் சொல் என்றால் பயம் என்றுதான் சொல்வேன். ஆனால் ஊரே பயப்படுகிற எதற்கும் அவள் பயப்படமாட்டாள். ஒருமுறை கிடங்கில் சாமை மூட்டைகளுக்கு நடுவே கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தது. நான் அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். மலையில் பிறந்து வளர்ந்தவள் என்கிற மானமெல்லாம் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அக்கா நீளமான கழி ஒன்றை எடுத்து, பொறுமையாக அதைத் தள்ளிக்கொண்டே போய், வேலிக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்து கை கழுவினாள். அப்போது வளைவில் ஒரு கார் ஏறிவரும் சத்தம் கேட்டது. ஈரக் கையைத் துடைக்காமலே கிடங்குக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள். பாம்பு கிடந்த அதே கிடங்குதான்.

கார் நேராகப் போய்விட்ட பிறகு, "பாம்புக்குப் பயப்படாதவ காருக்குப் போயி ஒளியிறியே, நீ இன்னாக்கா ஆளு?" என்றேன்.

"பாம்பு யாரையும் தேடினு வராதுடி" என்றாள்.

பேருந்தின் சத்தம், ஷேர் ஜீப்பின் சத்தம், கீழேயிருந்து வருகிற காரின் சத்தம் மூன்றையும் அவள் தலை நிமிராமலே பிரித்துச் சொல்வாள். பேருந்துக்கும் ஜீப்புக்கும் அசையமாட்டாள். கார் என்றால் உடனே சாமை மூட்டைகளைச் சரிபார்க்கக் கிளம்பிவிடுவாள். எங்கள் மூட்டைகளைப் போல அடிக்கடி சரிபார்க்கப்பட்ட மூட்டைகள் இந்த ஜில்லாவிலேயே இருக்காது. யாராவது போட்டோ எடுக்கலாம் என்றால், "குடுங்க, நான் எடுக்குறேன்" என்று கேமராவை வாங்கிக்கொள்வாள். சங்கத்தின் ஒரு படத்திலும் அவள் கிடையாது. எல்லாப் படத்திலும் நாங்கள்தான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம்.

முதலில் எனக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. பிறகு ஒரு மழை நாள் மத்தியானம், கரண்ட் போய்க் கம்ப்யூட்டர் அணைந்து கிடந்த நேரத்தில், புளி கொட்டை எடுத்துக்கொண்டே அவளாகச் சொன்னாள். அவள் ஊர் மலைக்குக் கீழே சந்தவாசல் பக்கம். கல்லூரியில் உடன் படித்தவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு சாதி. ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டு, இருவரும் தனியாக வீடு பார்த்துக் குடியிருந்தார்கள். சில மாதத்தில், ஊருக்கு வெளியே ரோட்டில் பைக்கில் போனவனைப் பின்னாலிருந்து வந்த வண்டி ஒன்று இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. எந்த வண்டி என்று கடைசிவரை தெரியவில்லை. செத்தவனுக்குக் காரியம் முடிந்த அன்று அவளுடைய அண்ணன் போன் செய்தானாம்.

"இன்னா சொன்னான்?"

"அடுத்தது நீதான், ஒண்ணும் அவசரமில்ல, மெதுவா பாத்துக்கலாம்னான்."

இதைச் சொல்லும்போது அவள் குரல் ஏறவுமில்லை இறங்கவுமில்லை. அன்றிலிருந்து கார் சத்தம் கேட்டால் அவளுக்கு முன்னால் நான் வாசலை எட்டிப் பார்த்தேன்.

அவள் காலையில் வந்ததும் செய்யும் முதல் வேலை தன் பெயரைக் கூகுளில் போட்டுத் தேடுவது. சர்டிபிகேட்டில் இருக்கிறபடி, அப்பா பெயரோடு சேர்த்து முழுப் பெயர். தேடிப் பார்த்து, அவளுக்குச் சம்பந்தமில்லாத யார் யாரோ வந்து நின்றால், "ஒண்ணும் வரல" என்று சொல்லிவிட்டு டீ குடிப்பாள். கோயிலுக்குப் போய்விட்டு வேலையைத் தொடங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். தான் எங்கும் இல்லை என்று தெரிந்துகொண்டு வேலையைத் தொடங்கியவள் இவள் ஒருத்திதான்.

எங்கள் வெப்சைட்டில் அப்போது பக்கங்களின் முகவரியெல்லாம் எண்ணாகத்தான் இருந்தது. சங்கத்தின் பெயர், அதன் பின்னால் ஒரு கேள்விக்குறி, ஓர் எழுத்து, ஒரு சமக்குறி, ஓர் எண். சாமை ஓர் எண், தேன் இன்னோர் எண். போனில் யாராவது கேட்டால் சொல்லவும் முடியாது, கேட்டவர்கள் எழுதவும் முடியாது. நான் தலையில் அடித்துக்கொள்வேன். அக்காவுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

"நெம்பரு நல்லதுடி. யாரு என்னான்னு வெளிய சொல்லாது" என்பாள்.

சென்னையிலிருந்து ஒரு அம்மா, நாங்கள் அனுப்பிய தேன் பக்கத்தைத் திறக்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். கேள்விக்குறியும் எண்ணுமாக இருப்பதைப் பார்த்தால் ஏமாற்றுக்காரர்கள் அனுப்புவது மாதிரி இருக்கிறதாம். அதிலிருந்து மேனேஜர் பிடித்துக்கொண்டார்.

"தேன் பக்கம்னா அட்ரஸ்லயே தேன்னு இருக்கணும்மா. படிச்சவுடனே தெரியணும். எல்லா சைட்டும் அப்படித்தான் இருக்குது. நம்முளுது மட்டும் ஜெயில் கைதி மாதிரி நெம்பரு போட்டுகினு நிக்குது."

"பாக்குறேன் சார்."

"போன மாசமும் பாக்குறேன்னுதான் சொன்ன."

மேனேஜர் நல்ல மனுஷன். ஆனால் அக்காவின் கதை அவருக்குத் தெரியாது. இந்தப் பெண்ணுக்கு உடம்பு வளையவில்லை என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார். அக்காவுக்கோ காரணம் சொல்லத் தெரியவில்லை. எண்ணை எடுத்துவிட்டுப் பெயரை வைப்பது என்றாலே அவளுக்கு ஆகவில்லை, அது தேனின் பெயராக இருந்தாலும்கூட. கடைசியில் மேனேஜர், கீழேயிருந்து ஒரு பையனைக் கூட்டிவந்து செய்துகொள்கிறேன் என்றார். தெரியாத ஒருவன் வந்து அவள் கம்ப்யூட்டரைத் திறந்து எல்லாவற்றையும் பார்ப்பான். அதைக் கேட்டதும், "வேணாம் சார், நானே செய்றேன்" என்றாள்.

இறங்கிவிட்டால் அரைகுறையாகச் செய்கிற ஆளில்லை. முதல் நாள் முகவரியை மாற்றியதும் முகப்பு மட்டும் வந்தது, உள்ளே எதைத் தொட்டாலும் "பக்கம் இல்லை" என்று வந்தது. மேனேஜர் வேர்த்துப் போய்விட்டார். சர்வரில் வழி சொல்கிற சின்ன கோப்பு ஒன்றில் தானாக எழுதப்பட வேண்டிய நாலு வரி எழுதப்படவில்லை என்று கண்டுபிடித்து, அவளே எழுதி வைத்தாள். அடுத்து, முகவரியைத் தமிழிலேயே வைத்துப் பார்த்தாள். திரையில் அழகாகத்தான் இருந்தது. வாட்ஸ்அப்பில் ஒட்டியதும் விழுக்காட்டுக் குறிகளும் எண்ணுமாக இரண்டு முழத்துக்கு நீண்டுவிட்டது. அதனால் சாமை அரிசி என்பதை ஆங்கில எழுத்தில், நடுவில் ஒரு சின்னக் கோடு போட்டு வைத்தாள். அதோடு விடவில்லை. பழைய பாக்கெட்டுகளில் பழைய முகவரி அச்சடித்துக் கிடக்கிறதே, அதைப் பார்த்து வருகிறவர்கள் என்ன ஆவார்கள் என்று, ஒவ்வொரு பழைய எண்ணையும் அதனதன் புதுப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டாள்.

"பழைய வழியில வர்றவங்க முட்டினு நிக்கக் கூடாதுடி."

எல்லாம் முடிந்த அன்று, போனில் கேட்ட ஒருவருக்கு நான் தேன் பக்கத்தின் முகவரியை ஒரே மூச்சில் சொன்னேன். அவரும் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். அக்கா நாற்காலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாத்தான் கீது இல்ல?" என்றாள். அவள் அப்படி நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

பத்து பன்னிரண்டு நாள் போயிருக்கும். காலையில் வழக்கம்போலத் தேடினாள். "ஒண்ணும் வரல" என்று சொல்லவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் எழுந்து போய் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். திரையில் முதல் வரியாக எங்கள் சங்கத்தின் முகவரி. அதன் பின்னால் சாய்கோடு. அதன் பின்னால் அவள் பெயர், அப்பா பெயரோடு, ஓர் எழுத்து விடாமல், சின்னக் கோடுகள் போட்டுச் சுத்தமாக.

வெப்சைட்டில் யார் செய்தி எழுதிப் போட்டாலும் அவர்களுக்கென்று ஒரு பக்கம் தானாகவே உருவாகுமாம். எங்கள் பக்கங்களில் அதற்குப் போகிற இணைப்பு எங்கேயும் கிடையாது, அக்காவே எடுத்துவிட்டிருந்தாள். எழுதியவர் பெயர் வரும் இடத்தில் "அலுவலகம்" என்றும் மாற்றியிருந்தாள். ஆனால் அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று, வெப்சைட் செய்து கொடுத்தவர்கள் அவள் சர்டிபிகேட்டைப் பார்த்து, முழுப் பெயரிலேயே உள்ளே நுழைவதற்கான கணக்கைத் திறந்திருந்தார்கள். எண்ணாக இருந்தவரை அவள் பக்கமும் ஓர் எண்ணாகவே கிடந்தது. சாமையும் தேனும் பெயரான அன்று, அவளும் பெயராகிவிட்டாள். வெப்சைட் தன்னிடமுள்ள பக்கங்களையெல்லாம் வரிசையாகக் கூகுளுக்குத் தானே சொல்லும். இவளையும் சொல்லிவிட்டது. விற்கிற பக்கம் ஒவ்வொன்றையும் திறந்து சோதித்தவள், தன் பக்கம் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டாள். ஒளிந்திருப்பவளுக்குத் தான் ஒரு பக்கம் என்று எப்படித் தோன்றும்?

அவள் கத்தவில்லை, அழவில்லை. மடமடவென்று வேறு கணக்கு திறந்து, எழுதியதையெல்லாம் அதற்கு மாற்றி, பழைய பெயரை அழித்தாள். எல்லாப் பழைய முகவரிக்கும் வழி வைத்தவள் இதற்கு மட்டும் வழி வைக்கவில்லை. தொட்டால் "பக்கம் இல்லை" என்று வந்தது. கூகுளுக்கும் எடுக்கச் சொல்லி எழுதிப் போட்டாள். ஆனால் தேடினால் அந்த வரி இன்னும் வந்து நின்றது. போகச் சில நாள் ஆகுமாம்.

"எத்தினி பேரு ஒன் பேர போட்டுத் தேடப் போறாங்கக்கா?" என்றேன், அவளைத் தேற்றுவதற்காக.

"ஒருத்தன் தேடினா போதும்டி" என்றாள்.

அந்த நாட்களை எப்படிச் சொல்வது? அவள் சோறு இறங்காமல் டீயிலேயே ஓட்டினாள். கடை வாசலில் நிழல் விழுந்தால் இருவரும் ஒன்றாகத் திரும்புவோம். சாமை வாங்க வந்த பாவத்துக்கு நாங்கள் முறைத்த முறைப்பில் சிலர் வாங்காமலே போயிருப்பார்கள். அந்த வாரத்தில்தான் மேனேஜர் உற்சாகமாக வந்து, "பாத்தியாம்மா, அட்ரஸ மாத்தினதும் ஆளுங்க கூப்புட ஆரம்பிச்சிட்டாங்க. ஒருத்தரு ஆபீசு எங்க இருக்குது, எந்த வழியா வரணும்னு அவ்ளோ மரியாதையா கேட்டாரு. ஒவ்வொரு வளைவா சொல்லிட்டேன்" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். அன்றைக்குத்தான் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் கேட்டு முடித்துவிட்டு, வெளியே போய் வெகுநேரம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் முற்பகலில் கார் வந்தது. அக்கா வளைவிலேயே சத்தத்தைக் கேட்டுவிட்டாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் பலா மரங்களுக்குள் போய்விட்டாள். அவள் குடித்து வைத்த டம்ளரை எடுத்து நான் தண்ணீரில் போட்டேன்.

வந்தவனைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு, செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தான். போனை நீட்டினான். கூகுளில் வந்த அந்த வரியைப் படம் பிடித்து வைத்திருந்தான்.

"இது ஒங்க சைட்டுதாங்களே?"

"ஆமாங்க."

"இந்தப் பேருல இங்க யாராவது வேல செய்றாங்களா?"

"அப்படி யாரும் இல்லீங்களே. சைட்டு செஞ்சி குடுத்தவங்க ஆளு யாராவது இருக்கும். எங்களுக்கு அதெல்லாம் தெரியாதுங்க."

அவன் வாசலில் நின்றிருந்த மலைக்காரப் பெரியவர் ஒருவரிடமும் பெயரைச் சொல்லிக் கேட்டான். அவர் கொஞ்ச நேரம் யோசித்து, "அது எந்த நாடு?" என்றார். நடிப்பெல்லாம் இல்லை, அவருக்கு உண்மையிலேயே தெரியாது. அவருக்குத் தெரிந்தது கம்ப்யூட்டரு மட்டும்தான்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். "என் தங்கச்சிங்க. கோவிச்சினு போயிட்டா. எங்கம்மாவுக்கு ரொம்ப முடியல. கண்ண மூடறதுக்குள்ள ஒரு தடவ அவள பாத்துரணும்னு கேட்டுகினே கெடக்குறாங்க" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. தேன் பாட்டில் ஒன்று வாங்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனான்.

நான் ஏன் மறைக்க வேண்டும், எனக்கு மனசு இளகிவிட்டது. பெற்றவள் சாகக் கிடக்கும்போது எந்த வஞ்சம் நிற்கும் என்று நினைத்தேன். கார் சத்தம் இறங்கி மறைந்த பிறகு பலா மரத்தடிக்குப் போனேன். அக்கா அடிமரத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, ஒங்கம்மாவுக்கு ஒடம்பு ரொம்ப முடியலயாம். ஒன்ன ஒரு தடவ பாக்கணும்னு கேக்குறாங்களாம்."

"யாரு சொன்னது?"

"ஒங்கண்ணன்தான். அழுதுட்டான்க்கா."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எங்கம்மாவுக்குக் கொள்ளி வச்சதே அவன்தான்டி" என்றாள். "நான் அப்ப எட்டாவது."

அன்றைக்கே அவளை அனுப்பிவிட்டோம். என் சித்தப்பா ஷேர் ஜீப் ஓட்டுகிறார். அவர் வண்டியில் நெல்லிவாசல்நாட்டிலிருக்கும் எங்கள் சொந்த ஊர் வரைக்கும். அங்கிருந்து மலைக்கு அந்தப் பக்கம் இறங்கி எங்கே போவாள் என்று நான் கேட்கவில்லை. அவள் சொல்ல வந்தாள், நான்தான் வேண்டாம் என்றேன். எனக்குத் தெரிந்தால் என் முகத்தில் தெரிந்துவிடும். ஜீப்பில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை மேனேஜர் போலீசில் புகார் கொடுக்கக் கீழே போயிருந்தார். கடையில் நான் மட்டும்தான். அவன் திரும்ப வந்தான், கூட இரண்டு பேர். அந்த இரண்டு பேரும் செருப்பைக் கழற்றவில்லை. ஒருவன் கேட்காமலே கிடங்குக் கதவைத் திறந்து உள்ளே போனான்.

"தேன் நல்லாயிருந்துதுங்க" என்றான் அண்ணன். "இன்னொரு பாட்டில் குடுங்க."

"பெருசுங்களா, சின்னதுங்களா?"

"பெருசே குடுங்க." அவன் பார்வை மூலையில் இருந்த கம்ப்யூட்டருக்குப் போயிற்று. அதன் முன்னால் இருந்த நாற்காலியின் முதுகில் கையை வைத்து லேசாகத் திருப்பினான். "இதுல யாருங்க ஒக்காருவாங்க?"

"நான்தாங்க" என்றேன். போய் அதில் உட்கார்ந்தும் காட்டினேன்.

"ஓ. சைட்டுல எழுதுறதெல்லாம் நீங்கதானா?"

"ஆமாங்க."

"ரொம்ப சந்தோஷம்ங்க. ஒங்க பேரு?"

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. யோசித்தால் சந்தேகப்படுவான். என் பெயர், எங்கப்பா பெயர், எங்கள் நாடு, நேற்று அக்கா போய் இறங்கிய எங்கள் ஊர் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தேன், அவன் தலை குனிந்தபடி அதைத் தன் போனில் எழுத்து எழுத்தாகப் பதிந்துகொண்டிருந்தான்.